கொம்பும் காலும் இல்லாத எழுத்து

தம்பி, காலை நல்லா நீட்டி உக்காருங்க. அந்தப் பெட்டி ஒண்ணுஞ் செய்யாது. குண்டு இல்ல. அறுபத்திமூணு வயசுல நான் குண்டு வைக்கவா போறேன், அதுவும் மகளிர் இலவச டிக்கெட்டுல? வயரப் பாத்துப் பயப்படாதீய. உள்ள ஒரு பேட்டரி, தீப்பெட்டி அளவுல ஒரு போர்டு, அவ்வளவுதான். மேல இருக்கது சோலார் தகடு. இந்தப் பைப்புக்குள்ள ஏரியல்.

கண்டக்டரும் மொதல்ல ஒங்கள மாதிரிதான் முழிச்சாரு. பைப்புக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்னாரு. பைப்பு என் கையிலல்லா இருக்கு, ஒங்க பஸ்ல எங்க இருக்குன்னு கேட்டேன். பின்பக்கம் போயிட்டாரு.

எங்க எறங்குதீய? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு, வடக்குப் பொத்தையடி. இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. நான் அதிகம் பேசமாட்டேன். ஒங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க.

என் பேரு பாக்கியசீலி. பாளையங்கோட்டை. டெலிபோன் எக்சேஞ்சுல முப்பத்திரெண்டு வருசம் ஆப்பரேட்டரா இருந்தேன். டிரங்க் கால் எல்லாம் என் காது வழியாத்தான் போவும். எந்த வீட்டுல என்ன சண்ட, யாரு யார ஏமாத்துதான்னு அத்தனையும் தெரியும். ஒரு வார்த்த வெளிய விட்டதில்ல. ஒரு டாக்டரு தெனமும் ஒரு டீச்சருக்குப் போன் போடுவாரு, ரெண்டு பேருக்கும் வேற வேற எடத்துல கல்யாணமாயிருச்சு. பேரச் சொல்லுவேனா? செத்தாலும் சொல்லமாட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பல் ஆஸ்பத்திரி வச்சிருந்தாரு, அம்புட்டுதான் சொல்லுவேன்.

வேலையில இருக்கும்போதே பரீட்ச எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிட்டேன். ஆமா, பரீட்ச உண்டு. வீட்டுல சொந்தமா ரேடியோ வச்சுப் பேசிக்கிடலாம். எங்களுக்கு ஒரு வானொலிக் கழகம் இருக்கு. வெள்ளம் வந்து போன் டவரெல்லாம் படுத்துட்டுன்னு வைங்க, நாங்கதான் சேதி சொல்லணும். மத்த நாள்ல ஞாயித்துக்கெழம காலையில எல்லாரும் வரிசையாப் பேசுவோம். அதுக்கு நெட்டுன்னு பேரு. அந்த நெட்ட நடத்துற செயலாளரு ஞானசிகாமணி. ரிடையர்டு போஸ்ட் மாஸ்டரு. வடக்குப் பொத்தையடிக்காரரு. என் சம்பந்தி. என் மக பெனினாவ அவரு மகன் எட்வினுக்குத்தான் குடுத்திருக்கு. ரேடியோவுலயே பேசி முடிச்ச சம்பந்தம். நான் 'சரி அண்ணாச்சி'ன்னு சொன்னத நாலு ஜில்லா கேட்டுச்சு.

நல்ல மனுசன்தான். இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒரு காரியம் பண்ணினாரு பாருங்க.

ரேடியோவுல ஒருத்தர் பேசும்போது அடுத்தவர் பேச முடியாது. பேசி முடிச்சவர் 'ஓவர்'னு சொல்லணும். அப்பந்தான் அடுத்தவருக்கு வழி. நான் ஒரு ஞாயித்துக்கெழம எங்க தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன். முக்கியமான கதை. நான் இன்னும் ஓவர் சொல்லல, அதனால யாரும் பேசல. இதுல என் தப்பு என்ன? நடுவுல மூச்சு வாங்கதுக்கு ஒரு நொடி மைக்குப் பட்டன விட்டேன். அந்த ஒரு நொடிக்குள்ள பூந்து இவரு சொல்லுதாரு: "தங்கச்சி, நீங்க தனியா ஓவர்னு சொல்ல வேண்டாம். நீங்க பேசுறதே ஓவர்தான்."

சிரிக்கீயளே! எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாவ. முகைதீன் தம்பி, டிவி ரிப்பேர் கடை வச்சிருக்காரு, எங்க கழகத்துக்காரரு, அவரு சிரிச்ச சிரிப்புல மைக்கு கீழ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதோட விட்டாரா சம்பந்தி? அடுத்த வாரத்துல இருந்து எனக்கு மட்டும் ஒரு நிமிசம். மத்தவியளுக்கு மூணு.

நான் மனசுல வச்சுக்கிடல. இத மனசுல வச்சுக்கிடுத ஆளா நான்?

இப்பம் இந்தப் பெட்டிக்கு வாரேன். போன வருசம் கழகத்துல மெஷ்ஷுன்னு ஒண்ணு போடலாம்னு முடிவாச்சு. மெஷ்ஷுன்னா வல. இந்தப் பெட்டிய ஒசரமான எடத்துல மாட்டிட்டா, அதுக்கு ஒரு வேலதான். காதுல விழுந்தத அப்படியே அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அது அதுக்கடுத்த பெட்டிக்குச் சொல்லும். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், கரண்டு வேண்டாம். போன்ல சின்னதா ஒரு சேதி அடிச்சு விட்டா பெட்டி பெட்டியாத் தாவி ஜில்லா கடந்து போயிரும். ஒரு நிபந்தன, ரகசியம் கூடாது. அமெச்சூர் ரேடியோவுல பூட்டுப் போட்டுப் பேசக் கூடாதுன்னு சட்டம். யாரு யாருக்கு அனுப்பினாலும் கழகத்துல பன்னெண்டு பேரும் படிக்கலாம். எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

மாட்டதுக்குள்ள பட்ட பாடு இருக்கே. ஒரு ஊர்ல சர்ச்சுக் கோபுரத்துல மாட்டணும்னு சபைக் கமிட்டியில கேட்டோம். ஒரு பெரியவரு எந்திரிச்சு, "இது எந்தச் சபைப் பெட்டி?"ன்னு கேட்டாரு. எந்தச் சபைக்கும் சேராத பெட்டி அய்யான்னேன். "அப்பம் நாளைக்கு அவிய கோபுரத்துலயும் மாட்டுவியளோ?"ன்னாரு. மாட்டமாட்டோம்னு எழுதிக் குடுத்தப் பெறவுதான் ஏணி தந்தாவ. இன்னொரு ஊர்ல கரண்டு திருட்டக் கண்டுபிடிக்கப் பெட்டின்னு யாரோ கெளப்பி விட்டுட்டாவ. நாங்க ஏணிய எறக்கதுக்குள்ள தெரு பூராவும் கொக்கி வயர உருவிட்டாவ. கெளப்பி விட்டது யாருன்னு தெரியல. நான் ஒரு பொம்பளைட்ட வெளையாட்டுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டியாச்சு. பேரு வைக்கணும். பெட்டிக்குச் சின்னப் பேரு, நாலு இங்கிலீசு எழுத்துக்குத்தான் எடம். நான் தமிழ்லதான் வைக்கணும்னேன். முகைதீன் தம்பி வச்சுப் பாத்துட்டு, "அக்கா, ஒரு தமிழ் எழுத்தே மூணு எழுத்து எடத்த அடச்சிக்கிடுது"ன்னாரு. கொம்பு போட்டா கொம்புக்குத் தனியா மூணு. காலுக்கு மூணு. புள்ளிக்கு மூணு. அப்படின்னா என்னாச்சு? ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு எழுத்து, அதுவும் கொம்பும் காலும் புள்ளியும் இல்லாத மொட்ட எழுத்து. சம்பந்தி இங்கிலீசுலயே வைப்போம்னாரு. ஓட்டு எடுத்தோம். தமிழ் ஜெயிச்சுது. பேரு வைக்கிற பொறுப்ப என் தலையில கட்டிட்டாவ.

நான் நியாயமாத்தான் வச்சேன். கழகத்து ஆபீஸுல இருக்கதுக்கு க. எங்க வீட்டு மாடில இருக்கதுக்கு ழ. ஏன்னா ழ-வுல ஆரம்பிக்கிற ஊரும் கெடையாது, ஆளும் கெடையாது, அது அனாதயாக் கெடந்துச்சு. பாவமேன்னு நான் எடுத்துக்கிட்டேன். சம்பந்தி மாடிக்கு த. தபால்காரருல்லா? தபாலுக்கு த. இதுல யாராவது குத்தம் சொல்ல முடியுமா?

அன்னையில இருந்து எனக்கும் பெனினாவுக்கும் நல்ல காலம். பொத்தையடியில போன் எடுக்காது. பின்னால மல, முன்னால பொத்த, அதான் அந்த மொட்டப் பாறக் குன்னு. என் மக ஒரு போன் பேசணும்னா மெயின் ரோட்டுக்கு நடந்து வரணும். பெட்டி வந்தப் பெறவு நாள் தவறாம சேதிதான். என்ன பேசுவோம்னு கேக்கீயளா? ஒண்ணுமில்ல. 'அம்மா, சாப்டாச்சா.' 'ஆச்சு. நீ?' 'சாள மீன் கெடச்சுது.' ஒடனே முகைதீன் தம்பி நடுவுல பூந்து, 'எந்தச் சந்தையில மருமவளே?'ன்னு கேப்பாரு. பன்னெண்டு பேரும் படிக்காவல்லா. படிக்கட்டும். எனக்கு மகட்ட இருந்து ஒரு வரி வந்தாப் போதும், அன்னைக்கு வயிறு நெறஞ்சிரும்.

அப்பந்தான் தாசில்தார் அம்மா பாக்க வந்தாவ. வெள்ள காலத்துக்கு இத வச்சுக்கிடலாமான்னு பாக்க. கழகத்து ஆபீஸுல செவத்துல பெருசா படம் காட்டுத மெஷினு வச்சு, முகைதீன் தம்பி வழி பாக்குற சோதனையப் போட்டாரு. இங்கன இருந்து மலையடிவாரத்துக்குச் சேதி எந்தெந்தப் பெட்டி வழியாப் போவுதுன்னு அது காட்டும். சேதி போச்சு. செவத்துல ஆள் ஒசரத்துக்கு மூணு எழுத்து.

க. ழ. த.

சேர்த்துப் படிங்க. ம்… இப்பம் புரியுதா?

தாசில்தார் அம்மா கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு, "கழத"ன்னு வாசிச்சாவ. பின்னால நின்ன டிரைவரு, "கழுதயா மேடம்?"ன்னு கேட்டான். அம்புட்டுதான், ஆபீஸே குலுங்கிட்டு. நான் சிரிக்கல. சேலத் தலைப்ப வாயில வச்சு அடச்சேன். அடச்சதுல சத்தம் மூக்கு வழியா வந்துட்டு, அதுக்கு நான் என்ன பண்ண?

தாசில்தார் அம்மா வெவரமில்லாம, "கடைசில இருக்கறது யார் வீடுங்க?"ன்னாவ. சம்பந்தி எந்திரிச்சு நின்னாரு. சட்டப் பட்டன ஒரு தடவ தொட்டுப் பாத்தாரு. "எங்க வீடுதாம்மா"ன்னாரு.

பெறவு நன்றியுரை சொன்னாரு. அவருதான செயலாளரு. எல்லார் பேரையும் சொன்னாரு, என் பேரையும் சொன்னாரு. ஒரு வார்த்த கொறையல. அதான் தம்பி எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. திட்டியிருந்தா நான் ரெண்டு திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும்.

சாயங்காலம் த-வக் காணோம். மாடில ஏறிப் பெட்டியக் கழத்தி, பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. அதோட அதுக்கு அந்தப் பக்கம் இருந்த மூணு ஊர் பெட்டியும் போச்சு. அவரு மாடி இருந்தாத்தான் அந்த மூணும் எங்களுக்குக் கேக்கும். ஞாயித்துக்கெழம நெட்டுக்கும் ஆளு வரல. இன்னையோட பத்தொம்பது நாளு.

முகைதீன் தம்பி என்ட்ட, "எக்கா, போயி ஒரு மன்னிப்பு கேட்டுருங்க"ன்னாரு. எதுக்கு? எழுத்து தானா விழுந்துச்சு. "அது மட்டுமில்லக்கா, கழுதைக்கு நடு ஒடம்பு நீங்கதான்"னாரு. நடுவுல யாரு இருந்தா என்ன, கடைசில இருக்கவந்தான ஒதைக்கான்னு சொல்லி வாய அடச்சுட்டேன்.

ஆனா இந்தப் பத்தொம்பது நாளு இருக்கே தம்பி. காலையில எந்திரிச்சதும் போனப் பாப்பேன். 'சாப்டாச்சா'ன்னு ஒரு வார்த்த, அதுல என்ன இருக்குன்னு நெனைப்பீய. ஒண்ணுமில்லதான். அந்த ஒண்ணுமில்லாதது இல்லாமத்தான் சோறு எறங்கல.

அதான் ஒரு யோசன பண்ணினேன். அவரு வீட்டுக்கு நேரெதிர்க்க பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி இருக்கு. அவரு மாடிய விட ரெண்டடி ஒசரம். தலைவர்ட்டப் பேசிட்டேன், ஏணி தயாரா இருக்கு. இந்தப் பெட்டிய அங்கன மாட்டிட்டா யாரு தயவும் வேண்டாம். பேருமா? வச்சாச்சே. த-தான். ஏன் சிரிக்கீய? தண்ணித் தொட்டிக்கு த-தான மொத எழுத்து?

பெனினாவுக்குத்தான் புடிக்கல. நேத்து மெயின் ரோடு வர நடந்து வந்து போன் போட்டா. "அம்மா, தொட்டியில நீங்க பெட்டி மாட்டினியன்னா, எங்க மாமா பெறவு ஒங்க வாசல மிதிக்கமாட்டாவ. நானும் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அங்க வருவேன்? அவிய காப்பிகூடச் சரியாக் குடிக்கமாட்டேங்காவ. நீங்க எப்பமும் கூட நாலு பேரு சிரிச்சாப் போதும்னு நெனைக்கீய. என்ன நடுவுல நிறுத்தாதீய"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அவ இப்படி வச்சதே இல்ல. அவளுக்காகத்தான மாட்டப் போறேன்? அது அவளுக்குப் புரியல.

ஒண்ணு சொல்லுதேன், ஒங்களோட இருக்கட்டும். அவரு பெட்டிக்கு அவரு மொதல்ல எழுதிக் குடுத்தது ஞ. ஞானசிகாமணிக்கு ஞ. நான்தான், "அண்ணாச்சி, ஞ-வுக்குச் சுழி ஜாஸ்தி, மூணு எழுத்து எடத்துல அடங்காது"ன்னு சொல்லிட்டேன். எல்லா எழுத்துக்கும் ஒரே எடந்தான். அவருக்கு அது தெரியாது. "தங்கச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னு சொல்லி, அடிச்சுட்டு த-ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

ஆமா… அப்படித்தான் சொன்னாரு. சரியாத்தான் இருக்கும்னு.

இருங்க, போன் அடிக்கி. வாட்ஸப்பு. முகைதீன் தம்பி. 'அக்கா, மலைப் பக்கம் புதுசா ஒரு பெட்டி கேக்குது. பேரு ப.' ப-வா? அது யாரு ப? எடம் போட்டிருக்கா பாருங்க, எனக்குச் சின்ன எழுத்து தெரியாது. வடக்குப் பொத்தையடியா? அப்பம் அவரு மாடிதான்! பீரோவத் தொறந்துட்டாரா? ஏன் ப-ன்னு மாத்தினாரு? பழி வாங்குததுக்குப் ப-வா? பிசாசுன்னு என்னத்தான் சொல்லுதாரோ? இல்ல, பி-க்கு எடம் பத்தாது.

படமும் அனுப்பியிருக்காரு. வழி பாத்திருக்காரு. போற வழி, க, ழ, ப. கழப. பாத்தியளா! வேல செய்யாம டிமிக்கி குடுக்கவன கழப்பாளின்னு சொல்லுவோம்லா? தனக்குத்தானே வச்சுக்கிட்டாரே! இத அவருட்ட யாரு சொல்லப் போறா…

கீழ இன்னொண்ணு இருக்கா? ஆமா, திரும்பி வாற வழியும் காட்டும். இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். அவரு வீட்டுல இருந்து வருது. ப. ழ. க.

பழக.

…

நடுவுல இருக்க ழ-வ எடுத்துட்டுப் படிங்க தம்பி. பக. எங்க ஊருல பகைன்னு யாரு சொல்லுதா, பகன்னுதான் சொல்லுவோம். நடுவுல என் எழுத்து இருந்தா பழக. பத்தொம்பது நாளா அந்த மனுசன் பீரோவப் பூட்டிட்டு இதத்தான் தேடிக்கிட்டு இருந்தாரா? அதே மொட்ட எழுத்துதான். நான் தேடித்தேடிக் கழுதயக் கண்டுபிடிச்சேன்.

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணாடில தூசி. தூசியில்ல, வெக்கமா இருக்கு. அப்படியே சொல்லுதேன், எனக்கு வெக்கமா இருக்கு.

கண்டக்டரே, பொத்தையடி எறங்கணும்! அந்தா ஸ்டாப்புல நிக்காரு பாருங்க, கட்டம்போட்ட சட்ட. பக்கத்துல கொடை புடிச்சுட்டு நிக்கது என் மக. முகைதீன் தம்பி நான் வாரதப் பெட்டில அடிச்சு விட்டிருப்பாரு, பன்னெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பைப்ப எடுத்துக் குடுங்க. பெட்டிய நான் எடுத்துக்கிடுதேன். தொட்டியிலயா? தொட்டியில எதுக்கு மாட்டணும்? தலைவர்ட்ட ஏணி வேண்டாம்னு சொல்லிருவேன்.

அண்ணாச்சிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்டில அடிச்சா பன்னெண்டு பேரும் படிப்பாவ. ரேடியோவுல சொன்னா நாலு ஜில்லா கேக்கும். அதெல்லாம் வேண்டாம். கிட்டப் போயி, அவரு ஒருத்தருக்கு மட்டும் கேக்குத மாதிரி, மெதுவாச் சொல்லணும்.

என்ன சொல்லப் போறேனா? நல்லாருக்கே கத! அத எதுக்கு ஒங்கட்ட சொல்லணும்?